அங்கே யார் யாருக்கு மனைவி?

அத்தியாயம் 16

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு எட்லின் ஜாதிக்காய்க் கூடத்தில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். எதிர்வரிசையிலிருந்த மேவிஸ் கொஞ்சம் ஜாதிபத்திரியை எடுத்து அவள் தலையில் தூவினாள்.

“இன்னும் ஒன்பது நாள்தான். இப்பவே பூப்போட்டுப் பழகிக்கறோம்.”

“மேற்பார்வையாளர் பார்த்தா உன் தலைல வேற ஏதாவது போடுவார்.”

“வாயைப் பாரு புதுப்பொண்ணுக்கு! அம்பத்தஞ்சு வயசுல நடையே மாறிப்போச்சு. அந்த பஸ்காரன் என்னடி மருந்து வச்சான் உனக்கு?”

“சாப்பிட்டியான்னு கேட்டார். பதில் சொல்ற வரைக்கும் வண்டியை எடுக்கல.”

வரிசை முழுக்கச் சிரித்தது. எட்லினும் சிரித்தாள். ஆனால் கை பாட்டுக்கு நல்ல காயைச் சொத்தைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தது. இருபத்தேழு வருடமாக இங்கே காய் பிரிப்பவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாலும் தப்பு வராது. மேவிஸ் அதைப் பார்த்தாள். காய்களை எடுத்துச் சரியான கூடைக்கு மாற்றினாள்.

போன ஞாயிறு கோயிலில் நடந்தது எங்கள் தீவுக் கடற்கரையின் கூயாவ் ஊர் முழுக்கத் தெரியும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கும் ஓலையில் இரண்டாவதை பாஸ்டர் ஜாய்ஸ்லின் வாசித்தார். ‘காலஞ்சென்ற கேப்டன் சிரிலின் மனைவி எட்லினுக்கும், மனைவியை இழந்த ஆம்ப்ரோஸுக்கும் திருமணம். இதற்கு யாருக்கேனும் ஆட்சேபணை இருந்தால்...’

அந்த வாக்கியம் முடிவதற்குள் பாடகர் குழுவின் முன்வரிசையில் ஒரு பாட்டுப் புத்தகம் பட்டென்று மூடப்பட்டது. எட்லினின் ஒரே மகள் ஷெர்மா எழுந்து, நடுவழியாக நடந்து, வெளியே போய்விட்டாள்.

ஆராதனை முடிந்து எட்லின் வெளியே வந்தபோது படிக்கட்டில் வைத்து மகள் ஒன்றுதான் கேட்டாள்.

“அங்க அப்பா உனக்காகக் காத்துக்கிட்டிருப்பாரேம்மா. அவர் முகத்துல எப்படி முழிப்ப?”

கேப்டன் சிரில் இறந்து ஒன்பது வருடம். புயலில் கவிழ்ந்த படகிலிருந்து நாலு பேரைத் தனியாளாகப் போய் இழுத்து வந்தவர். ஒவ்வொரு ஜூன் மாதமும் மீனவர் திருநாளில் படகுகளை ஆசீர்வதிக்கும்போது அவர் பெயரைச் சொல்லி ஊரே ஒரு நிமிடம் தலைகுனிந்து நிற்கும்.

அந்த நாலு பேரை இழுத்த கைதான் எட்லினின் கழுத்தெலும்பை உடைத்தது. எலும்பு ஒட்டியது கோணலாகத்தான்; இன்றைக்கும் அவளால் இடது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. படியில் விழுந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னாள். மகளுக்கும் அதையே சொன்னாள். அவள் சொல்லி உண்மை தெரிந்தவர் ஆம்ப்ரோஸ் ஒருவர்தான். அதற்கப்புறம் நாம்.

‘காத்துக்கிட்டிருப்பார்.’ அந்த ஒரு வார்த்தை நாலு நாளாக எட்லினை விடவில்லை. மகள் நினைத்ததுபோல வெட்கத்தால் அல்ல, பயத்தால். செத்துப் பரலோகம் போனபின், அங்கேயும் அந்த மனிதன் வாசலில் வந்து நின்று, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால்?

நாற்பது வருடமாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், முதல் தடவையாகப் பரலோகத்தை நினைத்து நடுங்கினாள்.

*

மூன்று மணிக்குக் கூடத்தின் வாசலில் ஆம்ப்ரோஸின் பஸ் வண்டி நின்றது. அறுபத்திரண்டு வயது. இஸ்திரி போட்ட சட்டை. கையில் தொப்பி. பெண்கள் இருக்கும் இடத்திலும் கூரைக்குக் கீழேயும் அவர் தலையில் தொப்பி இருந்து யாரும் பார்த்ததில்லை.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். போலாம்.”

திருமணத்துக்கு முன் மூன்று தடவை போதகரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது சபையின் வழக்கம். இன்று மூன்றாவது.

பாஸ்டர் ஜாய்ஸ்லினுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கல்யாணமும் ஆகவில்லை. “எனக்கே தெரியாததை உங்களுக்குப் பாடம் எடுக்கறேன், பொறுத்துக்கோங்க” என்று முதல்நாளே சொல்லிவிட்டார். வராந்தாவில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு குவளை மோபி. மரப்பட்டையைக் காய்ச்சி எடுத்த அந்தக் கசப்பை ஆம்ப்ரோஸ் மரியாதைக்காக ஒரே மடக்கில் குடித்து வைத்தார்.

பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்து, பாஸ்டர் நோட்டை மூடினார். “வேற ஏதாவது கேக்கணுமா?”

ஆம்ப்ரோஸ் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

“ஒண்ணு இருக்கு பாஸ்டரம்மா. சிரிக்கக் கூடாது.”

“கேளுங்க அண்ணே.”

“நான் செத்து மேல போறேன்னு வைங்க. வாசல்லயே லினெட் நிப்பா. முப்பத்தோரு வருஷம் என்னைக் கட்டி மேய்ச்சவ. கொஞ்ச நாள் கழிச்சு எட்லினும் வந்து சேருவா. அப்ப நான் யார் பக்கத்துல நிக்கிறது?”

பாஸ்டர் சிரிக்கவில்லை. எட்லினும் சிரிக்கவில்லை.

“இதே கேள்வியை இயேசுகிட்டயே கேட்டிருக்காங்க அண்ணே. ஒரு பொண்ணு. புருஷன் செத்துட்டான். அவன் தம்பி கட்டிக்கிட்டான், அவனும் செத்தான். இப்படியே ஏழு பேர்.”

“ஏழா!” என்றார் ஆம்ப்ரோஸ். “நான் ரெண்டுக்கே மூச்சு வாங்கறேன்.”

“உயிர்த்தெழும்போது அவ யாருக்குப் பொண்டாட்டின்னு கேட்டாங்க. மடக்கறதுக்காகக் கேட்டது. அவர் சொன்னார், அங்க பொண்ணு எடுக்கறதும் இல்ல, குடுக்கறதும் இல்ல, எல்லாரும் தேவதூதர் மாதிரி இருப்பாங்கன்னு.”

“அப்படின்னா?”

“கல்யாணம் இந்த உலகத்துக்கானது அண்ணே. அதனாலதான் மரணம் பிரிக்கும்வரைன்னு சொல்லி வாக்கு குடுக்கச் சொல்றோம். அதுக்கப்புறம் அந்தக் கட்டு கிடையாது.”

எட்லின் குவளையைக் கீழே வைத்தாள்.

“கட்டு கிடையாதா?”

“கிடையாது அக்கா.”

“நிச்சயமாவா?”

“நம்ம விசுவாசம் அதுதான்.”

“யாராவது ஒருத்தர் வந்து, இவ என் பொண்டாட்டின்னு சொல்லிக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போக முடியாதா?”

எட்லினின் வலது கை, இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாஸ்டரின் பார்வை அந்தக் கையில் நின்றது. கேட்கத் தோன்றியதை அவர் கேட்கவில்லை.

“முடியாது அக்கா” என்றார் மெதுவாக. “அங்க யாரும் யாருக்கும் உடைமை இல்ல. ஒருத்தராலயும் முடியாது.”

எட்லின் சிரிக்க ஆரம்பித்தாள். நடுவிலேயே அது அழுகையாக மாறிவிட்டது. முந்தானை இல்லாத ஊர். பாவாடை ஓரத்தைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். தலைச்சுமையை இறக்கி வைத்தவளைப்போல் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

அவளையே பார்த்துக்கொண்டிருந்த பாஸ்டர் பக்கத்திலிருந்த ஆம்ப்ரோஸைப் பார்க்கத் தவறிவிட்டார்.

“அங்க என்னைப் பார்த்தா லினெட்டுக்கு அடையாளம் தெரியுமா?” என்றார் ஆம்ப்ரோஸ்.

“தெரியும்னு நம்பறேன். அங்க இருக்கப்போற அன்பு இங்க இருக்கறதைவிடக் குறைவா இருக்காது அண்ணே, பெரிசாத்தான் இருக்கும். எப்படின்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்த்தவ இல்ல.”

“ஆனா, பொண்டாட்டி இல்ல.”

“இல்ல அண்ணே.”

ஆம்ப்ரோஸ் எழுந்தார். கூரைக்குக் கீழே நின்றபடியே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

எட்லின் பின்னால் போகும்போது பாஸ்டர் அவள் முழங்கையைத் தொட்டார். “அக்கா, ஷெர்மா நேத்து இங்க வந்திருந்தா. வர்ற ஞாயிறு மூணாம் ஓலைக்கு ஆட்சேபணை சொல்ல எழுந்து நிக்கப் போறேன்னு சொன்னா. நீங்க முதல்ல பேசிடுங்க.”

வீடு வரும்வரை எட்லின்தான் பேசினாள். கல்யாணத்துக்கான கறுப்பு கேக்குக்குப் பழம் ஊறுவதைப் பற்றி, மேவிஸின் வாயைப் பற்றி, மகளிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி. ஆம்ப்ரோஸ் சாலையையே பார்த்து ஓட்டினார். வளைவுகளில் ஹாரன் அடிக்கவும் மறந்தார். இறங்கும்போது அவள் “வரட்டுமா?” என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அன்றைக்கு அவள் கால் தரையிலேயே இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எட்லின் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. அம்மா சமைத்ததை மகள் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தனக்கு மட்டும் ஏதாவது வறுத்துத் தின்றுவிட்டு, மாணவர் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிடுவாள்.

எட்லின் பெரிய பாத்திரத்தை ஏற்றினாள். ஈரப்பலாவைத் துண்டு போட்டு அடுக்கினாள். அதன்மேல் உப்பு இறைச்சி, சேப்பங்கீரை. தேங்காய்ப்பாலை ஊற்றி மஞ்சள் போட்டு மூடினாள். மேஜையில் ஷெர்மாவின் சிவப்புப் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கிழமை எழுந்து நிக்கப் போறியாமே.”

பேனா நின்றது. “பாஸ்டரம்மா சொல்லிட்டாங்களா?”

“நின்னு என்ன சொல்லுவ?”

“எங்க அப்பா உயிரோட இருக்கார்னு சொல்லுவேன். அதைத்தானே வாராவாரம் பாடறோம்? செத்தவங்க அழிஞ்சு போகல, நமக்கு முன்னாடி போயிருக்காங்கன்னு. அப்படின்னா உனக்குப் புருஷன் இருக்காரும்மா.”

எட்லின் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, ஆம்ப்ரோஸ் கேட்டதையும் பாஸ்டர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஏழு சகோதரர்கள் கதையைக்கூடச் சொன்னாள்.

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். ஷெர்மா கத்தவில்லை. கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டால் குழந்தை விழிக்குமே, அப்படி விழித்தாள்.

“அப்ப அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இதுல உனக்கு சந்தோஷமாம்மா?”

எட்லின் கரண்டியைக் கீழே வைத்தாள். மகளின் அப்பாவை மகளிடமிருந்து பறிக்கக் கூடாது என்று ஒன்பது வருடமாக, அதற்கு முன்னும்கூட, வாயைக் கட்டியவள்.

“ஷெர்மா, உங்க அப்பா உனக்கு நல்ல அப்பா. அதுல நான் குறுக்கே வரல. ஆனா எனக்கு...”

“உன் எலும்பு உடைஞ்சது படியில விழுந்து இல்ல.”

ஷெர்மா இதை நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பாத்திரத்தில் பால் கொதித்து மூடி தடதடத்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

“எனக்கு எட்டு வயசு. திரைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாம் பார்த்தேன். அப்புறம் அவர் வெளிய வந்து என்னை மடில உக்கார வச்சுத் தேங்காய் மிட்டாய் குடுத்தார். அதே கையால. நான் வாங்கித் தின்னேன்மா. எனக்கு அது இனிப்பாத்தான் இருந்துச்சு.”

“அடி என் கண்ணே...”

“விடு, சொல்ல விடு.” பேனாவைக் கீழே வைத்தாள். “மேல போனா மனுஷங்க எல்லாரும் நல்லவங்களா ஆயிடுவாங்கன்னு ஞாயிறு பள்ளில சொல்லிக் குடுத்தாங்கல்ல? அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். அப்பா அங்க மாறியிருப்பார். நல்ல மனுஷனா உனக்காகக் காத்திருப்பார். நீ போவ. ஒரு தடவையாவது நீங்க ரெண்டு பேரும் பயமில்லாம ஒரே மேஜைல உக்காந்து சாப்பிடுவீங்க. நான் கடைசியா வந்து அதைப் பார்ப்பேன். இங்க பார்க்காத வீட்டை அங்கயாவது பார்க்கலாம்னு நெனச்சேன். நீ அந்த ஆளைக் கட்டிக்கிட்டா அதுவும் போச்சு.”

எட்லின் அடுப்பைக் குறைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். மகள் தனக்கு எதிராக அப்பாவின் பக்கம் நிற்கிறாள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்!

“உங்க அப்பா மாறியிருக்கட்டும். மாறணும்னுதான் நானும் ஜெபம் பண்றேன். அங்க அவரைப் பார்த்தா ஓடி ஒளிய மாட்டேன். பக்கத்துல நின்னு ஒரு வரி விடாமப் பாடறேன். ஆனா அவர் பொண்டாட்டியா இன்னொரு தரம் என்னால முடியாது ஷெர்மா. அவர் எவ்வளவு நல்லவரா ஆனாலும் சரி. நான் என் பங்கை முடிச்சுட்டேன்.”

ஷெர்மா மேஜையில் தலை கவிழ்ந்தாள். எட்லின் அவள் பின்னலைத் தடவிக் கொடுத்தாள். கவிழ்ந்த முகத்திலிருந்து குரல் வந்தது.

“அங்க நான் உனக்கு மகளா இருப்பேனா? அதைக் கேட்டியா?”

“ஐயோ! கேக்க மறந்துட்டேன்.”

“மறந்துட்டியா?”

“சந்தோஷத்துல மறந்துட்டேன்டி.”

“சுயநலம் பிடிச்ச அம்மா” என்றாள் ஷெர்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பிறகு எழுந்துபோய் இரண்டு தட்டு எடுத்து வந்தாள்.

அடியில் லேசாகப் பிடித்திருந்தது. இருவரும் அதையும் சுரண்டித் தின்றார்கள்.

*

ஐந்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. பாஸ்டர் ஜாய்ஸ்லின்.

“அக்கா, இதை நீங்க என் வாயால கேக்கறதுதான் நல்லது. ஆம்ப்ரோஸ் அண்ணே இப்ப வந்துட்டுப் போறார். மூணாம் ஓலையை வர்ற ஞாயிறு வாசிக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். காரணம் சொல்லல.”

எட்லின் போனைப் பிடித்தபடி நின்றாள். வராந்தாவில் அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டது அப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியில் வழிநெடுக அவர் ஒரு வார்த்தை பேசாததும்.

விஷயத்தைக் கேட்ட ஷெர்மா, கட்டிலுக்கடியிலிருந்து செருப்பைத் தேடி எடுத்தாள்.

“எங்கடி கிளம்பற?”

“ஆட்சேபணை சொல்ல வேண்டியவ நான். அவர் யாரு நடுவுல? வா, கேப்போம்.”

ஆம்ப்ரோஸின் வீடு கடற்கரைச் சாலையின் கடைசியில். வெயில் இன்னும் தண்ணீரின்மேல் கிடந்தது. வண்டி முற்றத்தில் நின்றது. அதன் பக்கக்கதவு திறந்திருந்தது. வண்டிப் படியில் ஆம்ப்ரோஸ் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. அம்மாவும் மகளும் சேர்ந்து வருவதைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினார்.

சண்டைக்கென்றே வந்த ஷெர்மா அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

“உன்மேல ஒண்ணும் இல்ல எட்லின்” என்றார் அவர். “பாஸ்டரம்மா சொன்னதுல உனக்கு விடுதலை கிடைச்சுது. நான் பார்த்தேன். சந்தோஷம்தான் எனக்கும். ஆனா அதே வார்த்தைல எனக்கு லினெட் போயிட்டா.”

“ஆம்ப்ரோஸ்...”

“அவ செத்து ஆறு வருஷம் ஆச்சு. இத்தனை நாளும் ஏதோ ஊருக்குப் போயிருக்கான்னுதான் நெனச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். உன்னைக் கட்டிக்கறதைக்கூட அவகிட்டச் சொல்லிட்டுத்தான் ஒத்துக்கிட்டேன். இன்னைக்கு மூணரை மணிக்குத்தான் எனக்குப் பொண்டாட்டி செத்தா. செத்த அன்னைக்கே வேற ஒருத்தி பேரோட என் பேரை எப்படி வாசிக்கச் சொல்றது?”

எட்லினுக்குக் கோபம் வரவில்லை. தான் வராந்தாவில் சிரித்த சிரிப்பை நினைத்துக் கூசினாள். ஒருவருடைய மனைவி செத்த இடத்தில் உட்கார்ந்து சிரித்ததுபோல் அல்லவா சிரித்திருக்கிறோம்!

“நான் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கல” என்றாள்.

“நீ பார்க்கற நிலைமைல இல்ல. அது தப்பில்ல.”

“அங்கிள்” என்றாள் ஷெர்மா திடீரென்று. ஆம்ப்ரோஸை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “அப்ப ஓலை?”

ஆம்ப்ரோஸ் கடலைப் பார்த்தார். “தெரியலம்மா.”

எட்லின் அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“இன்னைக்கு வியாழன். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் லினெட்டுக்காக அழுங்க. நான் குறுக்கே வர மாட்டேன், சாப்பாடு மட்டும் குடுத்தனுப்பறேன். அதுக்கப்புறமும் வேண்டாம்னு தோணினா நீங்களே என்கிட்ட வந்து சொல்லணும், பாஸ்டர்கிட்ட இல்ல. வந்து சொல்லலைன்னா, ஞாயித்துக்கிழமை அந்த ஓலையை நானே எழுந்து நின்னு வாசிப்பேன்.”

“அம்மா!” என்றாள் ஷெர்மா.

ஆம்ப்ரோஸ் எட்லினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வண்டிப் படியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டார்.

“லினெட்டுக்கு ஜாதிக்காய் வாசனையே ஆகாது, தெரியுமா?” என்றார்.

“சொல்லுங்க” என்று எட்லின் உட்கார்ந்தாள்.